ஆடி முடியக் காத்திருந்த வண்டி

என் காரில் வண்டிப் பேப்பர்கள் வைக்கிற டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்தால், பேப்பர்களுக்கு முன்னால் கையில் தட்டுவது ஒரு ஸ்டிக்கர்ச் சுருள். ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டியது. பிரித்தால் சிவப்பு எழுத்தில் தர்ஷினி, தாரணி என்று இரண்டு பெயர்கள் இருக்கும். இரண்டும் என் பிள்ளைகளின் பெயர்கள் இல்லை. என் சகலையின் மகள்கள். பின்கண்ணாடியில் ஒட்டுவதற்காக ஆசையாய்ச் செய்து வாங்கி, கடைசிவரை ஒட்டாமல் போன ஸ்டிக்கர் அது. வெயிலில் ரப்பர் பேண்டு இற்றுப்போகும்போதெல்லாம் நான்தான் வேறு ஒன்று மாற்றிப் போடுகிறேன். வருஷத்துக்கு ஒருமுறை இன்சூரன்ஸ் புதுப்பிக்கப் பழைய பாலிசியை எடுக்கும்போது இது கையில் வரும். வந்ததும் எனக்கு எரிச்சல் தொடங்கிவிடும். யார் மேல் எரிச்சல் என்று கேட்டால் சட்டென்று சொல்லத் தெரியாது.

சகலை என் மனைவியின் அக்கா கணவர். எழுமலைப் பக்கம் பிறந்து, ஆனையூரில் வீடு கட்டிக்கொண்டு வந்தவர். கல்யாணங்களுக்குச் சமைக்கிற மாஸ்டர். இந்தத் தொழிலில் ருசி அப்புறம்தான். விடியுமுன்னே மண்டபத்தில் அடுப்புப் பற்றியிருக்க வேண்டும், காலை டிபன் பந்தி நேரத்துக்கு ஆரம்பிக்க வேண்டும். ஒரு கல்யாணத்தில் பந்தி தாமதமானால் அந்தச் சொந்தக்காரக் கூட்டம் மொத்தமும் அந்த மாஸ்டரை மறந்துவிடும். அந்த நேரத்தில் பஸ் கிடையாது. சாரணிக் கரண்டியையும் சல்லடையையும் மொபெட்டில் கட்டிக்கொண்டு பல வருஷம் போய்வந்தார். இடுப்பெலும்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் இரண்டு சக்கரத்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் அவருக்குக் கார் என்பது சொகுசு இல்லை. கார் இருந்தால் சொந்தத் தொழில், இல்லாவிட்டால் யாரிடமாவது சம்பளம்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் நாரும் பிளாஸ்டிக் பையும் விற்கிற கடை வைத்திருக்கிறேன். பயந்த சுபாவம். காரைப் பூட்டிவிட்டு நாலு எட்டு நடந்த பிறகு திரும்பி வந்து கைப்பிடியை இழுத்துப் பார்ப்பேன். கையெழுத்துப் போடச் சொன்னால் அந்தத் தாளில் இருக்கிற எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டியாவது படித்துவிடுவேன். சகலை இதற்கு நேர் எதிர். "எங்க சகல ஒரு சோத்துப் பருக்கையக் கூட டாக்டரக் கேட்டுத்தான் முழுங்குவாரு" என்று பந்தி நடுவில் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைப்பார். நானும் சேர்ந்து சிரித்து வைப்பேன். அந்த மனிதரின் சிரிப்போடு சேராமல் இருப்பது கஷ்டம்.

ஒரு ஆனி மாதக் கடைசியில் இரண்டு பேரும் ஒரே நாளில், பைபாஸ் பக்கம் இருந்த பழைய கார் விற்கிற ஒரு இடத்தில் வண்டி எடுத்தோம். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே வெள்ளை. கழுவித் துடைத்து அடுத்தடுத்து நிறுத்தி வைத்திருந்தபோது இரட்டைப் பிள்ளைகள் மாதிரிதான் இருந்தன. என்னுடையது டீசல், அவருடையது பெட்ரோல். அவருடைய வண்டியின் பின்கண்ணாடியில் முந்தைய சொந்தக்காரரின் பிள்ளைகளான கவின், காவ்யா பெயர்கள் ஒட்டியிருந்தன. விற்றவர் ஏசியைப் போட்டுக் காட்டினார், பாட்டைப் போட்டுக் காட்டினார், டயரைத் தட்டிக் காட்டினார். இன்சூரன்ஸ் பற்றிக் கேட்டதற்கு, "அதெல்லாம் பேப்பர் வேலண்ணே, பாத்துக்கலாம்" என்றார்.

பார்த்துக்கொண்டபோதுதான் விஷயம் தெரிந்தது. என் வண்டிக்கு ஏஜெண்ட் அம்மா சொன்ன தொகையையும், சகலை வண்டியோடு கைக்கு வந்த பாலிசியில் இருந்த தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இரண்டும் ஒரே மாதிரி வண்டிகளுக்கானவை என்று யாரும் நம்பமாட்டார்கள். யாரோ என்னை ஏமாற்றுகிறார்கள் என்று தோன்றியது. ஏஜெண்ட் அம்மா பொறுமைசாலி இல்லை. போன் காதில் இருக்க, இன்னொருவருக்கு ரசீது எழுதிக்கொண்டே பதில் சொன்னார். எனக்குப் பாதி புரியாது. மறுபடி போவேன். "மறுபடியும் நீங்களா?" என்பார். அப்படி அலைந்து அலைந்து துண்டு துண்டாகச் சேர்த்துக்கொண்டதுதான் எனக்குத் தெரிந்த இன்சூரன்ஸ்.

நாம் இடித்து அடுத்தவருக்கு ஆகிற சேதத்துக்கான பகுதி இன்ஜின் அளவைப் பார்த்து நிர்ணயமாவது. என் டீசல் இன்ஜின் பெரியது, அதனால் மேல் படியில் போய் உட்கார்ந்துவிட்டது. நம் வண்டிக்கான பகுதி, இன்றைக்கு வண்டி எவ்வளவு பெறும் என்று கம்பெனி போடுகிற மதிப்பைப் பார்த்து வருவது. நாம் பேரம் பேசி எவ்வளவுக்கு வாங்கினோம் என்பது அவர்களுக்குக் கணக்கில்லை. டீசல் வண்டிக்கு மதிப்புக் கூட. அதுபோக, என் வண்டி விற்காமல் வெயிலில் நின்ற மாதங்களில் பழைய பாலிசி காலாவதியாகியிருந்தது. ஆள் வந்து நாலு பக்கமும் போட்டோ பிடித்துப் பார்த்த பிறகுதான் புதிதாகக் கொடுப்பார்களாம். நான் முதல்முறை வாங்குகிறவன், அதனால் தள்ளுபடி என்று ஒன்றும் கிடையாது.

சகலை வண்டிக்குத் தள்ளுபடி இருந்தது. அதுதான் பெரிய வித்தியாசம். முந்தைய சொந்தக்காரர் பேங்கில் வேலை பார்த்தவர். வருஷக்கணக்காக ஒரு கீறலுக்குக் கூட கம்பெனியிடம் பணம் கேட்காதவர். அதற்காக வருஷா வருஷம் கழித்துக் கழித்துத் தொகை அவ்வளவு இறங்கியிருந்தது. ஏஜெண்ட் அம்மா எனக்குச் சொன்னதில் முதல் தடவையிலேயே புரிந்த வாக்கியம் ஒன்றுதான். "அந்தத் தள்ளுபடி வண்டிக்கு இல்ல, ஓட்டுன சாருக்கு. வண்டி கை மாறுனா அது அவரோட போயிரும். பேர உடனே மாத்தச் சொல்லுங்க, இல்லைன்னா நாளைக்கு இடிச்சா ஒரு ரூவா தரமாட்டாங்க."

அன்றைக்கே கடையைச் சாத்திவிட்டு ஆனையூருக்குப் போனேன். சகலை வாசலில் வண்டியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பாலிசி இன்னும் பேங்க் சார் பேருலதான் இருக்கு. மொத அத மாத்துங்க."

"ஆடி பொறந்துருச்சேய்யா. ஆடியில பேரு மாத்துனா வண்டி நெலைக்குமா?"

"ஆடிக்கும் இன்சூரன்சுக்கும் என்னண்ணே இருக்கு?"

"ஆனியிலேயே எடுத்துட்டம்ல, அது கணக்கு. ஆவணி பொறக்கட்டும். ஆர்சி, இன்சூரன்சு, ஸ்டிக்கரு எல்லாம் ஒரே நாள்ல ஜாம்ஜாம்னு பண்ணிருவோம்." ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அந்தச் சுருளை எடுத்து விரித்துக் காட்டினார். "எப்பிடி இருக்கு? தங்கக் கலர்தான் கேட்டேன். செவப்புத்தான் தூரத்துல இருந்து தெரியுமாம்."

நல்ல காரியம் எதையும் ஆடியில் தொடங்காத ஊர்தான் எங்களுடையது. நானே கடைக்குப் புதுத் தராசு வாங்கி ஆவணி வரை சாக்குக்குள் மூடி வைத்தவன். அதனால் மேலே வாதாட முடியவில்லை. ஆனால் ஆடி மட்டும் காரணமில்லை என்பது அவர் அடுத்துச் சொன்னதில் தெரிந்தது. பெயரை மாற்றினால் மிச்சமிருக்கிற மாதங்களுக்கான தள்ளுபடிக் காசைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள் என்பதை யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். "ஸ்டெப்னி டயர் வண்டியோட வரலையா? ஜாக்கி வரலையா? அது மாதிரி இதுவும் வண்டியோட வந்தது. வந்தத நானே கொண்டுபோயித் திருப்பிக் குடுக்கணுமாக்கும்? நீ அம்புட்டுக் கட்டிட்டியேன்னு வகுத்தெரிச்சல்ல பேசுற, போ."

அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் முகம் சுண்டிப்போனது. அதற்குப் பிறகும் விடவில்லை. பார்க்கிற போதெல்லாம் சொன்னேன். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன் ஒரு தடவை சரியாகப் பயந்தால் அதை யார் தனியாகப் பிரித்துப் பார்க்கப்போகிறார்கள்? என் பேச்சு அந்த வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறிச் சத்தம் மாதிரி ஆகிவிட்டது.

ஆடிக் கடைசியில் எழுமலைப் பக்கம் ஒரு கிடாவெட்டுக்குச் சமைத்துவிட்டு மத்தியானம் திரும்பிக்கொண்டிருந்தார். முன்னால் வெங்காய மூட்டை ஏற்றிப் போன டிராக்டர் வளைவில் சட்டென்று நின்றிருக்கிறது. பிரேக் பிடித்தும் பிடிக்காமல் டிரெய்லரின் பின்பலகையில் போய் மோதிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது சாலையோரம் ஒரு வெங்காய மூட்டை மேல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டியின் முன்பக்கம் என்று ஒன்று இல்லை. இன்ஜினிலிருந்து பச்சைத் தண்ணீர் ஒழுகி ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. பின்கண்ணாடியில் கவினும் காவ்யாவும் ஒரு கீறல் இல்லாமல் பளபளவென்று இருந்தார்கள்.

"ஸ்டிக்கர் ஒட்டுற எடத்துக்கு ஒண்ணும் ஆகலையே சகல, அது போதும்" என்றார். டிராக்டர்க்காரர் கூடச் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெங்காய வாடையும் டிராக்டரின் டீசல் வாடையுமாக அந்த இடம் இன்னும் மூக்கிலேயே இருக்கிறது.

இன்சூரன்ஸ் ஆபீஸில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பாலிசியைப் பார்த்தார், சகலையைப் பார்த்தார். "இதுல இருக்கிறவர் வரலையா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியோடு பேங்க் சார் வீட்டுக்குப் போனோம். நல்ல மனிதர். உட்காரவைத்துக் காபி கொடுத்தார். சகலை டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, வண்டி இன்னும் சாருடையதுதான், இரவலாகத்தான் ஓட்டினேன் என்று சார் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று கேட்டார். அந்த மாதிரிக் கேட்கிற குரலை அவரிடம் நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"வித்த உடனே கம்பெனிக்கு எழுதிக் குடுத்துட்டேனே மாஸ்டர்" என்றார் பேங்க் சார். "அப்பத்தான் என்னோட தள்ளுபடிய புது வண்டிக்கு மாத்துவாங்க. மாத்தியும் குடுத்துட்டாங்க. நீங்க பேரை மாத்தியிருப்பீங்கன்னுல்ல நெனச்சேன்."

வெளியே வந்தோம். வாசலில் புது வண்டி நின்றிருந்தது. அதன் பின்கண்ணாடியில் அதே எழுத்தில் கவின், காவ்யா. சகலை அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பெயரும் தள்ளுபடியும் எப்போதோ இங்கே வந்து சேர்ந்துவிட்டன. அவர் ஆடி மாதம் முழுக்க ஓட்டித் திரிந்தது வெறும் தகரத்தை. நான் அவர் தோளைத் தொட்டேன். "பேசாம வா சகல" என்றார்.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு ஆட்டோ சொல்லி வைத்திருந்தார். ஆட்டோ வரவில்லை. போன் வந்து நான் காரை எடுத்துக்கொண்டு போய் அவரை ஏற்றி மண்டபம் சேருவதற்குள் வானம் வெளுத்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் காபி இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் சித்தப்பா எதுவும் திட்டவில்லை. வாசலில் நின்று கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். அந்த மாதம் பேசி வைத்திருந்த கல்யாணங்கள் ஒவ்வொன்றாக வேறு மாஸ்டர்களிடம் போயின. நொறுங்கிய வண்டியை, விற்ற இடத்திலேயே, அவர்கள் கேட்ட விலைக்குக் கொடுத்தார். அதற்குள் இருந்த சாமான்களை நான்தான் எடுத்து வந்தேன். சாமி படத்தையும் கரண்டிகளையும் வாங்கிக்கொண்டவர், ஸ்டிக்கர்ச் சுருளை மட்டும் திருப்பி நீட்டினார். "ஓன் வண்டியில கெடக்கட்டும். வீட்ல இருந்தா புள்ளைக பாக்கும்."

இப்போது திருப்பூரில் ஒரு மில் ஹாஸ்டலில் சமைக்கிறார். மாதச் சம்பளம். மூன்று வேளையும் நேரத்துக்கு மணி அடிக்கும், வண்டி தேவையில்லை. மனைவியும் மகள்களும் ஆனையூரிலேயே இருக்கிறார்கள்.

இந்த வருஷம் பாலிசியைப் புதுப்பிக்கப் போனபோது ஏஜெண்ட் அம்மா, அதே மாதிரி போனைக் காதில் வைத்துக்கொண்டே, "உங்களுக்குத் தள்ளுபடி நல்லா ஏறியிருக்கு. இந்த வண்டிய வித்தாலும் அது உங்களுக்குத்தான்" என்றார். சந்தோஷப்பட வேண்டிய சேதி. ஆனால் எனக்கு ஆத்திரமாக வந்தது. இந்த ஒரு வாக்கியத்தை அன்றைக்கு வண்டி விற்றவர் டயரைத் தட்டும்போதே சொல்லியிருக்கலாம். பாட்டுப் போட்டுக் காட்டத் தெரிந்தவருக்கு இதைச் சொல்ல வாயில்லை. பார்க்க ஒன்றுபோல் இருக்கிற இரண்டு வண்டிகளுக்குள் இன்ஜின் வேறு, மதிப்பு வேறு, காலாவதி வேறு, முன்னால் ஓட்டியவர் வேறு என்று வாங்குகிறவனே ஜன்னல் ஜன்னலாக அலைந்து கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அப்படிக் கண்டுபிடித்துச் சொன்னாலும் கேட்பாரில்லை.

பணம் கட்டிவிட்டு வண்டியில் உட்கார்ந்து சகலைக்குப் போன் போட்டேன். பின்னால் பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது.

"என்ன சகல, வண்டியப் பூட்டிட்டயா?"

"உள்ளதாண்ணே உக்காந்துருக்கேன். இன்சூரன்சு கட்டிட்டு வாரேன்."

"எம்புட்டு?"

சொன்னேன். யாரிடமோ அடுப்பைக் குறைக்கச் சொன்னார்.

"கொறஞ்சுருச்சே" என்றார். பிறகு, "அந்தப் புள்ளைக ஸ்டிக்கரு கெடக்கா, தூக்கிப் போட்டுட்டயா?"

"கெடக்குண்ணே."

"பசை இருக்கா?"

சுருளைப் பிரித்தேன். பின்தாளின் மூலை தானாகவே விட்டுப்போயிருந்தது. கட்டை விரலை அழுத்தி எடுத்தேன். லேசாகத்தான் பிடித்தது.

"இருக்குண்ணே" என்றேன்.

"அப்ப வச்சிரு."

மறுபடி சுருட்டி, ரப்பர் பேண்டைப் போட்டு, புதுப் பாலிசிக்கு மேலே வைத்துப் பெட்டியை மூடினேன்.