பயணத்தின் நோக்கம்: சுற்றுலா

அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பார்த்து, அடுத்தவர் பெயரை, ஒரு எழுத்து பிசகாமல் கம்ப்யூட்டரில் தட்டுவதுதான் என் தொழில். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒவ்வொரு நாடாக விசா ஃபாரத்தை நெட்டில் ஏற்ற ஆரம்பித்தார்கள். ஷூ கம்பெனி முதலாளிகளுக்கு ஆபீஸிலேயே ஆள் உண்டு. என் கடைப் படி ஏறியவர்கள் மகன், மகள், அண்ணன் என்று யாரையாவது பார்க்கத் தவித்தவர்கள்.

அந்த நாளில் நீங்களும் ஃபாரம் நிரப்பியிருந்தால் நான் விளக்க வேண்டியதில்லை. கடைசிப் பக்கத்துக்கு வரும்போது கரண்ட் போகும். கரண்ட் வந்தால் நெட் போயிருக்கும். இரண்டும் வந்தால், உங்கள் நேரம் முடிந்தது, முதலிலிருந்து தொடங்கவும் என்று பக்கம் சொல்லும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அதில் வரும் கேள்விகளைத்தான் சிலரால் பொறுக்க முடியவில்லை.

ஆமாவா, இல்லையா

அன்வர் பாய் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் மகளுக்கு நிக்காஹ். உட்கார்ந்ததிலிருந்து ஒரே சிரிப்பும் பேச்சும்தான். ஃபாரத்தின் கடைசியில் ‘ஆம்’, ‘இல்லை’ என்று பதில் சொல்கிற கேள்விகள் வந்தன. ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். தீவிரவாதச் செயலில் ஈடுபட்டதுண்டா என்ற இடத்தில் அவர் சிரிப்பு நின்றது. “இத எல்லார் கிட்டயும் கேக்கறாங்களா மேடம், இல்ல என் பேரப் பாத்துட்டுக் கேக்கறாங்களா?” என்றார். எல்லாருக்கும் இதே ஃபாரம்தான் என்று திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். பார்க்காமலே தலையாட்டினார்.

நேர்காணலுக்குச் சென்னை போய் வந்தார். அதன் பிறகு எப்போது நெட்டில் பார்த்தாலும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்றே இருந்தது. நிக்காஹ் முடிந்து, கல்யாண போட்டோக்கள் அவருடைய ஈமெயிலுக்கு வந்தன. என் கடையில் உட்கார்ந்துதான் எல்லாவற்றையும் பார்த்தார். பொண்ணு அப்படியே எங்க அம்மா ஜாடை என்றார். எழுந்து போனவர் படியில் கால் வைக்கும்போது திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

“தப்பா நெனச்சிக்காதீங்க மேடம். அந்தக் கேள்விக்கு ‘இல்ல’ன்னுதானே போட்டீங்க?”

பஞ்சும் பனியும்

எஸ்தர் சிஸ்டர் வேலூரில் நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆகி, ஆம்பூரில் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டூரிஸ்ட் விசா என்று என்னிடம் வந்தவர்களில், நிஜமாகவே ஊர் பார்க்க ஆசைப்பட்டவர் இவர் ஒருத்தர்தான். கூட வேலை பார்த்த தோழி குளிர்தேசத்தில் செட்டில் ஆகிவிட்டாள், பனி கொட்டும்போது வா என்று கூப்பிடுகிறாள் என்றார். “வருஷா வருஷம் வார்டு கிறிஸ்மஸ் மரத்துல பஞ்சு ஒட்டி பனின்னு காட்டினது நான்தாம்மா. அது நெஜத்துல எப்படித்தான் இருக்குதுன்னு ஒரு தடவ பாத்துரணும்.”

போட்டோவுக்கு மூன்று தடவை போய் வந்தார். காது தெரியவில்லை, நிழல் விழுகிறது, சிரிக்கக் கூடாது. கம்பளி ஸ்வெட்டர்கூட வாங்கிவிட்டார். பிறகு மறுப்பு வந்தது. இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தவர், ஆனாலும் என்னைப் படிக்கச் சொன்னார். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை, சொந்த வீடு இல்லை. எனவே பயணம் முடிந்ததும் நாடு திரும்புவார் என்று நம்ப முடியவில்லை. நான் மெதுவாகத்தான் படித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே இருந்தார். மறுபடி போட்டுப் பார்க்கலாம் சிஸ்டர் என்றேன். வேண்டாம் என்று கையசைத்தார்.

“எனக்கு யாருமில்லன்னு எனக்குத் தெரியாதாம்மா? அத அவ்ளோ தூரத்துல இருந்து டைப் அடிச்சு அனுப்பணுமா?”

எத்தனை நாளைக்கு ஒரு தடவை

முனிரத்தினத்துக்கும் அவர் மனைவி கோவிந்தம்மாளுக்கும் விசா கிடைத்தது, இருவரும் போய்ச் சேர்ந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகன் பிழைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்தது அவர்கள் ஃபாரம் நிரப்பிய நாளைப் பற்றி.

ஒடுகத்தூர் பக்கம் வேர்க்கடலை போடுகிற குடும்பம். மகன் லண்டனில் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டான் என்று முனிரத்தினம் அவனோடு பேச்சை நிறுத்திவிட்டார். இப்போது அவனுக்கு உடம்பு மோசம், பெரிய ஆபரேஷன் என்று மருமகள் சொல்லி அனுப்பியிருந்தாள். யாரைப் பார்க்கப் போகிறீர்கள், கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று ஃபாரம் கேட்டுக்கொண்டே போனது. எத்தனை நாளைக்கு ஒரு தடவை பேசுவீர்கள் என்ற கேள்வி வந்தது. “பேசறதே இல்லன்னு போடும்மா” என்றார் முனிரத்தினம். “அப்படிப் போடாத” என்றார் கோவிந்தம்மாள், அவர் முகத்தைப் பார்க்காமல். “வாரா வாரம்னு போடு. வெள்ளிக்கெழம சந்தைக்குப் போறப்பல்லாம் பூத்துல இருந்து பேசினுதான் இருக்கறேன்.”

எனக்குத் தட்டச்சுப் பலகையிலிருந்து தலையைத் தூக்கப் பயமாக இருந்தது. மனுஷன் கத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வேட்டி நுனியை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். பிறகு, மனைவியிடம் கேட்கிறாரா கம்ப்யூட்டரிடம் கேட்கிறாரா என்று தெரியாதபடி கேட்டார்:

“என்னப் பத்தி எதனா கேப்பானா?”

அந்தப் பக்கம், இந்தப் பக்கம்

ஷமீம் பேரணாம்பட்டில் பீடி சுற்றுகிறவர். கணவர் வளைகுடாவில் டிரைவர். நிக்காஹ் ஆன கையோடு போனவர், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார், போவார். ஒருநாள் வண்டியிலேயே மாரடைப்பு வந்து இறந்துபோனார். உடலை ஊருக்குக் கொண்டுவர முடியவில்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அதே ஊரில் வேலை பார்த்த ஷமீமின் தம்பிதான் கடைசிக் காரியங்களைச் செய்தான். அவனே அக்காவுக்கு டிக்கெட்டும் ஏற்பாடு செய்தான்.

பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் அழுத்தினால் நாலைந்து பதில்கள் விரியும். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சுற்றுலா, வியாபாரம், மருத்துவம், உறவினரைப் பார்த்தல். அங்கே உறவினர் இருக்கிறாரா என்று கேட்டேன். “கபர்ல இருக்கறவரு ஒறவினர்ல சேருவாராக்கா?” என்றார். தம்பி பெயரைப் போடலாம் என்று பார்த்தால், அவனுடைய வேலை விசாவில் உறவினரைக் கூப்பிட அனுமதி இல்லை. கடைசியில் அவரே, “சுத்திப் பாக்கறதுன்னே போட்ருங்க” என்றார். சுற்றுலா என்று போட்டேன். விசா சுலபமாக வந்துவிட்டது.

திரும்பி வந்து ஒரு மாதம் கழித்துப் பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு கடைக்கு வந்தார். பார்த்தீர்களா என்று கேட்டேன். அந்த ஊர் அடக்கஸ்தலத்தில் பெண்களை உள்ளே விடவில்லையாம். தம்பி மட்டும் உள்ளே போனான். ஷமீம் வெளியே மதில் ஓரமாக வெயிலில் நடந்தார். உள்ளே இருந்து தம்பி, அக்கா, இங்கே வா, இன்னும் கொஞ்சம் வா என்று கூப்பிட்டுக்கொண்டே போக, குரல் வரும் திசையைப் பிடித்து இவரும் மதிலோடு போனார். ஓரிடத்தில், இங்கதான்க்கா, நேரா இங்கதான் என்று தம்பி சொன்னான். அந்த இடத்தில் சுவரில் கையை வைத்து நின்று துவா செய்துவிட்டு வந்திருக்கிறார். சுவர் கை வைக்க முடியாத சூடு என்று உள்ளங்கையைத் தடவிக்கொண்டார். நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. என்னைச் சமாதானம் செய்கிற மாதிரி சொன்னார்:

“வுடுங்கக்கா. செவுத்துக்கு அந்தப் பக்கம் அவரு, இந்தப் பக்கம் நானு. உசுரோட இருந்தப்பவும் நாங்க அப்படித்தானே குடும்பம் பண்ணோம்.”

இப்போது ஜனங்கள் அவரவர் போனிலேயே விசா போட்டுக்கொள்கிறார்கள், நான் ஜெராக்ஸ் எடுத்துப் பிழைக்கிறேன். ஜெராக்ஸ் கேட்டு வருகிறவரிடம் எதற்காக என்று கேட்க வேண்டியதில்லை என்பது இந்த வயதில் பெரிய நிம்மதி.