மீனுக்கு வைத்திருந்த வெள்ளை ஒயின்

லிஃப்ட் பழுதுபார்க்கிற அந்த மனிதர், தன் வீட்டுக்கு மட்டும் மாடிப்படியில்தான் ஏறிப் போவார். "உள்ள என்னென்ன அறுந்து போகும்னு எனக்கில்ல தெரியும்?" என்பார். வேலையிடத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'இன்னொருதரம்'. கயிற்றை இழுத்து, பிரேக்கைத் தட்டி, எல்லாம் சரி என்று கூட்டாளி கருவிப்பெட்டியை மூடும்போது, "இன்னொருதரம் பார்த்துடுவோமே" என்று தொடங்குவார்.

லிஃப்டுக்கு அது நல்லதுதான். மகளுக்குத்தான் ஆகிவரவில்லை. அவளைக் கேட்டு வந்த இரண்டு பேரைக் கேள்வி கேட்டே ஓட்டியிருந்தார். கைகழுவ எழுந்த ஒருவன் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டான். மூன்றாவது பையனை அவளே தேடிக்கொண்டாள். ஞாயிறு மதியம் அவன் தன் அம்மாவோடு சாப்பிட வருவதாக ஏற்பாடு.

"அப்பா, இவனையும் விரட்டினீங்கன்னா அப்புறம் உங்ககூடப் பேசவே மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே மகள் குளிர்பெட்டியில் ஒரு புட்டியை வைத்தாள். ஊருக்கு வெளியே மலைச்சரிவில் விளைகிற திராட்சையின் வெள்ளை ஒயின். அம்மா எலுமிச்சை பிழிந்து சுட்டுக்கொண்டிருந்த மீனுக்குத் துணை.

விலையைப் பார்த்ததும் அவர் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மீன் விலையில பாதிகூட இல்லையே! அவ்வளவு நல்லதுன்னா ஏன் உள்ளூர்லயே கிடக்குது? வெளியூர்க்காரன் ஏன் அள்ளிட்டுப் போகல?"

"மீன்ல கொழுப்பு அதிகம், இதுல புளிப்பு அதிகம், ரெண்டும் சரியாப் போகும்னு கடைக்கார அக்கா சொன்னாங்க."

"விக்கிறவங்க வேற என்ன சொல்லுவாங்க?"

மகள் உடைமாற்றப் போனாள். மனைவி வெந்த மீனைத் தட்டில் அடுக்கிவிட்டு மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனாள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அவரே விலை கொடுத்து வாங்கி அலமாரியில் ஒளித்த சிவப்பு ஒயினைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு வெள்ளையைத் திறந்தார். லிஃப்டில் ஆள் ஏறுமுன் பாரம் ஏற்றிப் பார்ப்பதுதானே முறை?

முதல் மிடறில் பல் கூசியது. "நினைச்சேன்!" ஓரத்து மீனில் கொஞ்சம் கிள்ளித் தின்றுவிட்டு மறுபடி குடித்தார். கூச்சத்தைக் காணோம். எண்ணெய்ப் பிசுக்குப் போய் நாக்கு துலக்கிய பாத்திரம் போலிருந்தது. மீனும் முன்னைவிட இனித்தது. இதுதான் அவருக்குப் பெரிய சந்தேகமாகிவிட்டது. பசியில் அப்படித் தெரிகிறதோ? ரொட்டி தின்றுவிட்டு இன்னொருதரம். மீன் ஆறிப்போனால்? இன்னொருதரம்.

அழைப்புமணி அடித்தபோது புட்டியில் சொட்டு இல்லை. தட்டில் ஒரு மீனும் குறைந்திருந்தது.

மேசைக்குச் சிவப்பு வந்தது. மகள் பார்த்த பார்வையில் மீன் மறுபடி வெந்திருக்கும். பையனின் அம்மா பேருந்து ஓட்டுநர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். ஒரு வாய் மீன் தின்று, ஒரு மிடறு குடித்து, குவளையைத் தள்ளி வைத்தார்.

குத்திக்காட்டுகிறாரோ? பெண்ணின் அப்பா கண்ணை இடுக்கினார். "ஏன், பிடிக்கலையா?"

"மீனும் நல்லாயிருக்கு, இதுவும் நல்லாயிருக்கு. சேர்த்தாத்தான் வாயில துருப்பிடிச்ச ஆணியைப் போட்ட மாதிரி இருக்கு, சம்பந்தி."

அந்தச் 'சம்பந்தி'யில் அவர் தடுமாறிப்போனார். "வெள்ளை ஒண்ணு இருந்துச்சு... சரியா இருக்கான்னு பார்த்தேன்."

"எவ்வளவு பார்த்தீங்க?"

"முழுசா."

மனைவி தலையில் கைவைத்துக்கொண்டாள். ஓட்டுநர் அம்மா மட்டும் அசையாமல் கேட்டார்: "தேறுச்சா?"

"தேறுச்சு."

"அப்ப சரி. என் பையனையும் தாராளமாச் சோதிங்க. உங்க பொண்ணுக்கு மட்டும் கொஞ்சம் மிச்சம் வைங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள், ஆனால் கண்ணை அப்பாவின் வாயிலிருந்து எடுக்கவில்லை. பையன் அடிக்கடி வேலை மாறியது ஏன் என்ற கேள்வி அந்த வாய்வரை வந்து நின்றிருந்தது. அவர் குவளையை எடுத்துச் சிவப்போடு சேர்த்து அந்தக் கேள்வியையும் விழுங்கினார். முகம் கோணியது.

"தம்பி, இன்னும் கொஞ்சம் மீன் போட்டுக்கோங்க" என்றார்.