சலவைக்குப் போன தீர்மானம்

என் தங்கைக்கு நாற்பத்தாறு வயது. நான் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். அவள் வேலை செய்யும் இடத்தில் அவளுக்குப் பெயர் பாக்கெட் அக்கா.

பெரிய அரசு மருத்துவமனை ஒன்றின் சலவைக் கூடத்தில் பத்தொன்பது வருடமாக இருக்கிறாள். துணி இயந்திரத்துக்குள் போகும் முன் ஒவ்வொரு பாக்கெட்டிலும் கைவிட்டுப் பார்ப்பது அவள் பொறுப்பு. டாக்டர் கோட்டில் பேனா, நர்ஸ் உடுப்பில் கத்தரிக்கோல், ஒருமுறை நோயாளியின் பல்செட். அந்தப் பல்செட்டை ஒரு டம்ளரில் போட்டுக்கொண்டு நான்கு மாடி ஏறி இறங்கி, உரியவரைக் கண்டுபிடித்துக் கொடுத்த பிறகுதான் மறுவேலை பார்த்தாள். ஒரு பேனாவால் எண்பது படுக்கை விரிப்புகள் நீலமாகிவிடும் என்பாள். தன் பாக்கெட்டில் மட்டும் ஒன்றுமே வைத்துக்கொள்ள மாட்டாள். கைக்குட்டைகூட இடுப்பில்தான்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். தரைக்கு டைல்ஸ் பதிக்கிறேன். ஒரு நூல் விலகினாலும் பெயர்த்துவிட்டு மறுபடி பதிப்பேன். அன்றைக்கு நடந்ததையும் அப்படியே வரிசை மாறாமல் சொல்கிறேன்.

நாங்கள் இருவரும் ஓட்டுப் போடுவது ஒரு சின்னக் கட்சிக்கு. சம்பளக்காரர்களின் கட்சி, சிவப்புக் கொடி. நான் ஓட்டுப் போடுவதோடு சரி. பாப்பா உறுப்பினர், எங்கள் பகுதிக் கிளைக்கு அவள்தான் செயலாளர். இந்தத் தேர்தலில் எங்களுக்குக் கிடைத்தது ஒன்பது இடம். வழக்கமாக அதைச் சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கும். ஆனால் இந்த முறை இரண்டு பெரிய கட்சிகளில் எதற்கும் பாதி வரவில்லை. எங்கள் ஒன்பது பேர் கை கொடுத்தால் ஒரு பெரிய கட்சி ஆட்சி அமைக்கலாம். நேற்றுவரை எங்கள் துண்டறிக்கையை வாங்கிக் காது குடைந்தவர்கள் எல்லாம் மறுநாள் காலை என்னிடம் வந்து, "உங்க ஆளுங்க என்ன முடிவு பண்ணியிருக்காங்க?" என்று விசாரித்தார்கள். எனக்கே முதுகு கொஞ்சம் நிமிர்ந்துவிட்டது. தொங்கு நாடாளுமன்றம் என்று தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பச் சொல்ல, சலவைக் கூடத்தில் இஸ்திரி போடுகிறவர், "இங்க துணி நாள் பூரா தொங்கிட்டுத்தான இருக்கு, இதுக்கு ஏன் இவ்வளவு பதறுறாங்க?" என்றாராம்.

சிக்கல் என்னவென்றால், கை கொடுக்க வேண்டிய அந்தப் பெரிய கட்சிதான் போன ஆட்சியில் மருத்துவமனைச் சமையற்கூடத்தைத் தனியார் ஒப்பந்தத்துக்கு விட்டது. அடுத்தது சலவைக் கூடம் என்று அறிவிப்பும் போட்டாயிற்று. ஒப்பந்தம் வந்தால் பாப்பாவுக்கு வேலை இல்லை. நாம் ஆதரவு தந்தால் அதற்கு ஈடாக ஒப்பந்தத்தை நிறுத்தச் சொல்லலாம், அதையும் எழுத்தில் வாங்க வேண்டும் என்பது பாப்பாவின் வாதம்.

இதற்கு நேர் எதிர், அவளோடு விரிப்பு மடிக்கிற சமையலம்மா. சமையற்கூடத்தில் வேலை போய், ஒரு வருடம் அலைந்து, சலவைக்கு வந்து சேர்ந்தவர். அவரும் எங்கள் கிளைதான். பெரிய விரிப்பை ஒற்றை ஆளால் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, எதிரும் புதிருமாக நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். அந்த வாரம் முழுக்க இருவரும் விலகும்போது ஒரு வாதம், கிட்டே வரும்போது ஒரு வாதம் என்று மடித்துத் தள்ளியிருக்கிறார்கள். "ஒரு தடவை என்னைத் தெருவுல விட்டவன், கூடச் சேர்ந்தா ரெண்டாவது தடவை விடமாட்டானா?" என்பது சமையலம்மாவின் கேள்வி.

கட்சித் தலைமை ஒவ்வொரு கிளையும் ஓட்டெடுத்து முடிவைத் தாளில் எழுதி, ஓட்டுப் போட்ட அத்தனை பேரும் கையெழுத்திட்டு, செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்குள் மாவட்ட அலுவலகத்தில் சேர்க்கச் சொன்னது. திங்கட்கிழமை சாயங்காலம் முடிதிருத்துபவர் கடையின் பின்னறையில் இருபத்துமூன்று பேர் கூடினார்கள். எண்ணிப் பார்த்ததில் ஆதரவு தரக் கூடாது என்று பன்னிரண்டு, தரலாம் என்று பதினொன்று. பாப்பா தோற்ற பக்கம். முகத்தில் காட்டிக்கொள்ளாமல் தாளில் எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி மடித்தாள்.

மறுநாள் இரண்டு மணிக்கு வேலை முடிந்ததும் நேரே அலுவலகம் போக வேண்டும். பை தொலையலாம், அலமாரிப் பூட்டு சரியில்லை. இரண்டையும் யோசித்துவிட்டு, பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக ஒரு பொருளைத் தன் மேலங்கிப் பாக்கெட்டில் வைத்திருக்கிறாள்.

பதினோரு மணிக்கு மேலங்கியில் மருந்துக் கறை பட்டது. கழற்றினாள், இயந்திரத்தில் போட்டாள், வேறு மாட்டிக்கொண்டாள். மற்ற எல்லாருடைய பாக்கெட்டையும் பார்த்தாள். தன்னுடையதில் ஒன்றும் இருக்காது என்பதுதான் அவளுக்குத் தெரியுமே.

கதவைத் திறந்தால் நாற்பது பச்சை அறுவைச் சிகிச்சை அங்கிகளிலும் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்ததாம் எங்கள் கிளையின் தீர்மானம். சமையலம்மா ஒரு துணுக்கை விரல் நுனியில் எடுத்துப் பார்த்துவிட்டு அடுத்த அங்கியை உதறப் போய்விட்டாராம்.

எனக்குத் தொலைபேசி வந்தது. ஒரு குளியலறைத் தரையைப் பாதியில் விட்டுவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு மணிக்கு அவள் வாசலில் நின்றாள், கையில் புதுத் தாள். விஷயம் அதற்குள் கிளை முழுக்கப் பரவியிருந்தது. முதலில் முடிதிருத்துபவர் கடைக்குப் போனோம். அவர் பன்னிரண்டில் ஒருவர். கன்னத்தில் நுரையோடு ஒரு ஆள் நாற்காலியில் இருக்க, கத்தியைத் துடைத்தபடி கண்ணாடியைப் பார்த்தே பேசினார்.

"பதினொண்ணு கையில பன்னெண்டைக் குடுத்தது எங்க தப்பு. கரையத்தான் செய்யும்."

வேண்டுமென்றே கரைத்துவிட்டாள் என்கிறார், எனக்குச் சுருக்கென்றது. பாப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும். அதே நேரம் அங்கே உட்கார்ந்திருந்த பேருந்து நடத்துநர், பதினொன்றில் ஒருவர், சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். காலைச் செய்தியில் பெரிய கட்சித் தலைவர் சலவைக் கூட ஒப்பந்தத்தை மறுபரிசீலனை செய்வதாகச் சொல்லிவிட்டார், பன்னிரண்டில் இரண்டு பேராவது இந்நேரம் மனம் மாறியிருப்பார்கள் என்றார். "பேப்பர் போனது போச்சுக்கா. மறுபடி ஓட்டு வெச்சிடலாம். நாம ஜெயிச்சிடுவோம்."

கடையில் எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். அவள் வேலை அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. நானாக இருந்தால் சரி என்றிருப்பேன், மறைக்க என்ன இருக்கிறது.

"ஓட்டு நேத்தே முடிஞ்சிடுச்சு," என்றாள் பாப்பா. "கரைஞ்சது பேப்பர்தான். மறுபடி கையெழுத்துதான், மறுபடி ஓட்டு இல்ல."

சொல்லிவிட்டு நுரை ஆளின் மடியில் கிடந்த பத்திரிகையை எடுத்துத் தாளுக்கு அடியில் வைத்து, 'எதிர்ப்பு பன்னிரண்டு, ஆதரவு பதினொன்று' என்று பெரிதாக எழுதித் தன் கையெழுத்தைப் போட்டு, முடிதிருத்துபவரிடம் நீட்டினாள். அவர் வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார். "உக்காரும்மா, டீ சொல்றேன்," என்றார். நேரமில்லை என்று வந்துவிட்டோம்.

மூன்று மணி நேரத்தில் மீதி ஆட்களைப் பிடித்த கதையைத் தனியாகவே எழுதலாம். நான் தெருத்தெருவாகப் பட்டியல் போட்டு, கையெழுத்துப் போட்டவர் பெயரை அடித்துக்கொண்டே வந்தேன். பேருந்து ஓட்டுநர் சிவப்பு விளக்கில் நின்றபோது ஜன்னல் வழியாகப் போட்டார், பின்னால் வந்த வண்டிக்காரன் எங்கள் பரம்பரையையே விசாரித்தான். பள்ளி ஆசிரியை பரீட்சைக் கூடத்திலிருந்து வெளியே வர முடியாமல் கதவிடுக்கில் கையை மட்டும் நீட்டினார். ஒருவர் பல் மருத்துவரிடம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தார். ஆதரவா எதிர்ப்பா என்று ஏதோ விளக்க முயன்றார், பஞ்சு விடவில்லை. நான் பார்த்த அரசியல் கூட்டங்களிலேயே அமைதியானது அதுதான்.

நாலரைக்கு இருபத்திரண்டு. இனி சமையலம்மா ஒருவர்தான். மதியமே கேட்டதற்கு, எல்லோரும் போடட்டும், நான் கடைசி என்றிருக்கிறார். சலவைக் கூடத்துக்கு ஓடினோம். அவர் வீட்டுக்குப் போகாமல் அந்த நாற்பது அங்கிகளையும் மறுபடி துவைத்து உலர்த்தி அடுக்கிக்கொண்டிருந்தார். தாளை வாங்கி, கண்ணுக்கு எட்ட நீட்டிப் பிடித்து, எண்களைப் பார்த்தார்.

"மறுபடி ஓட்டு வைக்கலாம்னாங்களாமே?"

"சொன்னாங்க."

"ஏன் வைக்கல?"

"நீங்க சொன்னது பன்னெண்டு. அதைக் கொண்டுபோறதுதான் என் வேலை."

சமையலம்மா கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு, "காலையில நியூஸ் பாத்தேன். நீ மறுபடி வெச்சிருந்தா நான் ஆதரவாத்தான் போட்டிருப்பேன்," என்றார்.

பாப்பா அவரையே பார்த்தாள். பிறகு அந்த அங்கி அடுக்கின் மேலேயே சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். "இதை ரெண்டு மணிக்குச் சொல்றதுக்கென்ன?" என்று கேட்டாள். "ரெண்டு மணிக்கு நீ என்ன பண்றேன்னு பாக்கணும்ல," என்றார் அவர்.

ஐந்துக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது தாள் மாவட்ட அலுவலக மேசையில் இருந்தது. என் கடிகாரத்தில் பார்த்தேன்.

மொத்தக் கிளைகளையும் கூட்டியதில் ஆதரவு தரலாம் என்றே முடிவு வந்தது. ஆதரவுக்காகப் போட்ட உடன்படிக்கையில் சலவைக் கூடத்துக்கு ஒரு வரி இருந்தது, இரண்டு வருடத்துக்குத் தனியாருக்கு விடுவதில்லை என்று. பாப்பாவுக்கு அது சந்தோஷம். சமையலம்மாவுக்கு மனம் மாறியது மாறியதுதான், ஆனாலும் இரண்டு வருடம் எண்ணிக்கொண்டிருப்பேன் என்று சொல்லியிருக்கிறார். இருவரும் இப்போது அதைப் பற்றித்தான் வாதாடி மடிக்கிறார்கள். அடுத்த மாதம் கிளைத் தேர்தலில் பாப்பாவைச் செயலாளராக மறுபடி முன்மொழிந்தது முடிதிருத்துபவர். எதிர்த்து யாரும் நிற்கவில்லை.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. தினமும் காலையில் வேலை தொடங்கும் முன் சமையலம்மா பாப்பாவின் எதிரே வந்து நிற்கிறார். பாப்பா இரண்டு கைகளையும் தூக்கிக்கொள்கிறாள். அவர் அவளுடைய மேலங்கிப் பாக்கெட்டுகளில் கைவிட்டுத் துழாவி, "ஒண்ணுமில்ல, போடலாம்," என்று இயந்திரக்காரருக்குக் குரல் கொடுக்கிறார்.