ஈரமில்லாத கடதாசி

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கனடாவில், ஸ்காபரோ டோர்செட் பார்க்கில் ஓர் அடுக்குமாடியின் ஏழாம் தளத்தில் நானும் மனைவியும் இருந்தோம். மகன் விட்பியில் வீடு வாங்கிக் குடும்பத்தோடு போனபோது, மருமகளுக்குப் பூனை மயிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று தங்கள் கறுப்புக் கடுவன் பூனையை எங்களிடம் விட்டுவிட்டுப் போனான்.

ஊரில் முப்பத்தொரு வருடம் கணக்குப் படிப்பித்தவன் நான். இங்கே கைக்கு வருவது சொற்பம். அதில் இன்னொரு வயிறா என்று முதல் இரண்டு இரவும் எனக்கு நித்திரை இல்லை.

அந்தக் கவலையைத் தீர்த்தவர் எங்களுக்கு மூன்று கதவு தள்ளி இருந்த மன்னார் அம்மா. ஐம்பது வயதிருக்கும், தனி ஆள். பிளாசா மீன்கடையில் மீன் வெட்டும் வேலை. அவரிடமும் ஒரு பூனை இருந்தது. கடையில் கழிக்கும் மீன் தலைகளில் எனக்கும் பங்கு தருவார். நிறையத் தண்ணீர் விட்டு அவித்து, முள் எடுத்து, அந்தத் தண்ணீரோடு வைக்கச் சொல்லித் தந்தார். பூனை மலசலம் கழிக்கும் தட்டுக்கு மணல் வாங்க வேண்டாம், தமிழ்க் கடைகளில் சும்மா கிடைக்கும் பத்திரிகைகளைக் கிழித்துப் போட்டால் போதும் என்றார். நான் வாசித்துவிட்டுத்தான் கிழிப்பேன்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. கிழிந்த குளிர் ஜாக்கெட்டோடு திரிந்த அவர், பிஸ்கட் வந்த தகர ரின் ஒன்றில் கிழமைக்கு இரண்டு டொலர் பூனைக்கென்று போட்டு வைத்தார்.

"என்ன பிள்ளை, பூனையை யூனிவர்சிட்டிக்கு அனுப்பப் போறீரோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அனுப்பினால் உங்களிட்டைத்தான் ரியூசனுக்கு விடுவன் அண்ணை," என்றார்.

கந்தசஷ்டி வந்தது. ஆறு நாளும் எங்கள் அடுப்பில் மீன் ஏறாது. கடையில் இருந்ததில் மலிவான உலர் தீனிப் பையொன்றை வாங்கி வைத்தேன். பூனை அதைத் தின்றது. தண்ணீர்க் கோப்பையைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் காலை, தட்டுக்குப் போவதும் வருவதுமாக இருந்தது. நான் எண்ணினேன். ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் பதினொரு தடவை. மலச்சிக்கல் என்று முடிவு கட்டி, சின்னப் பிள்ளைகளுக்குப் பருக்குவதுபோல ஒரு தேக்கரண்டி ஆமணக்கெண்ணெய் பருக்கிவிட்டுக் காத்திருந்தேன்.

நான்கு மணிக்கு அது குளியலறை மூலையில் சுருண்டு கிடந்தது. வயிற்றைத் தொட்டால் முனகியது. மனைவி பொறுக்கமாட்டாமல், வேலையால் வந்துகொண்டிருந்த மன்னார் அம்மாவைக் கையோடு கூட்டிவந்தார். அவர் பூனையைப் பார்க்குமுன் தட்டைப் பார்த்தார். கடதாசித் துண்டுகளை ஒரு பிடி அள்ளினார்.

"அண்ணை, உது மலச்சிக்கல் இல்லை. எல்லாம் காஞ்சு கிடக்கு, பாருங்கோ. மூத்திரம் அடைச்சிட்டுது."

காலையில் பார்க்கலாமே என்று இழுத்தேன். மிருக வைத்தியர் என்ன கேட்பாரோ என்ற பயம்.

"முந்தி என்ர பூனை ஒண்டுக்கும் இப்பிடித்தான். நானும் விடியட்டும் எண்டு இருந்தனான். விடியேக்கை அது இல்லை."

அடுத்த பஸ்ஸுக்குப் பதினெட்டு நிமிடம் இருக்கிறது என்றேன். அவர் டாக்ஸியைக் கூப்பிட்டார். உடுப்புக் கூடையில் துவாய் விரித்துப் பூனையைக் கிடத்தினார். தன் வீட்டுக்கு ஓடிப்போய் அந்த ரின்னையும் எடுத்து வந்தார்.

வைத்தியர் குழாய் போட்டு அடைப்பை எடுத்தார். இன்னும் சில மணித்தியாலம் போயிருந்தால் தப்பியிராது என்றார். என்னிடம் இருந்த காசு பாதிக்கும் போதவில்லை. அந்த அம்மா ரின்னை மேசையில் கவிழ்த்துவிட்டு, "நீங்கள்தானே கணக்கு வாத்தியார், எண்ணுங்கோ," என்றார். இரண்டு தடவை எண்ணிப் பிழைவிட்டேன். அப்படியும் குறைந்ததை வெள்ளிக்கிழமைகளில் கட்டுவதாக, அரைகுறை ஆங்கிலத்தில் அவரே பேசி ஒப்புக்கொள்ள வைத்தார். ஆங்கிலம் படித்த நான் பக்கத்தில் நின்றேன்.

பூனை பிழைத்தது. ரின்னுக்குரியதைக் கிழமை தவறாமல் திருப்பிப் போட்டு முடித்தேன். பிறகு எங்கள் வீட்டிலும் ஒரு ரின் வந்தது. அடுத்த சஷ்டிக்கு எங்கள் பூனையின் மீன் மன்னார் அம்மாவின் அடுப்பில் வெந்தது.

பதினொரு தடவை என்று பிசகாமல் எண்ணிய எனக்கு, நாள் முழுக்க மீன் வெட்டிக் களைத்து வந்த அவரைப்போல ஒரு தடவை குனிந்து அந்தக் கடதாசியைத் தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லையே என்பது, இன்றும் எதையாவது எண்ணத் தொடங்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.