மலை இறங்கும்போது உதவாத பேப்பர்

இத்தாலியின் பலெர்மோவில் மருமகனின் பழைய கார் வாகனப் பரிசோதனையில் தேறவில்லை. பிரேக் பலவீனம், திருத்திவிட்டு ஒரு மாதத்துக்குள் மறுபடியும் காட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் வாகனப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். வீட்டில் சட்டத்துக்கு நான்தான் பொறுப்பு.

"மாமா, இதை ஓடலாமோ?" என்றார் மருமகன்.

"ஓம். ஒரு மாதத் தவணை இருக்கு. பொலிஸ் மறிச்சால் பேப்பரைக் காட்டும்."

"அப்ப முதல்ல சாந்தா ரொசாலியாவிட்டைக் கொண்டு போவம்," என்றாள் மனைவி. நாங்கள் சைவர்கள்தான். ஆனாலும் இங்கே எந்தக் கோளாறும் முதலில் அந்தப் புனிதையின் மலைக்குத்தான் போகும். கராஜ் பிறகு.

ஞாயிறு ஏறினோம். ஏறும்போது பிரேக் அதிகம் தேவைப்படவில்லை, அதனால் எல்லாம் சரியாகவே தோன்றியது. குகைக் கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினோம். காருக்குத் திருநீறும் பூசினோம்.

இறங்கும் வழியில் மருமகன் திடீரென நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் கால் பிரேக்கை மிதித்தபடியே இருந்தது. கார் வேகம் குறையவில்லை. பின் இருக்கையில் என் மனைவியோடு கர்ப்பிணி மகள்.

"என்ன தம்பி?"

"ஒண்டுமில்லை மாமா. பெல்ட்டைப் போடுங்கோ."

கியரைக் குறைத்து, மலைப்பக்கச் சுவரில் உரசி உரசி நிறுத்தினார். அடுத்த வளைவுக்குக் கீழே கடல்.

காரை விட்டு இறங்கியதும் மகள் சொன்னாள்: "அப்பா, இப்ப அந்தப் பேப்பரை மலைக்குக் காட்டுங்கோவன்."

பிரேக்கைத் திருத்திய பிறகு ஓடத்தான் அந்த ஒரு மாதத் தவணை. அது எனக்குத் தெரியாததல்ல. இப்போது யாராவது இப்படியொரு பேப்பருடன் ஆலோசனை கேட்டு வந்தால், முதலில் கார் திறப்புக் கொத்தை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன். சட்டத்தைக் கராஜ் வாசலில் வைத்துச் சொல்கிறேன். புனிதையிடம் பஸ்ஸில் போகிறோம்.