இன்றும் நான்தான் ஏற்றினேன்

எங்கள் சாமி மாடத்துக் காமாட்சி விளக்கின் மூக்கு கொஞ்சம் வளைந்திருக்கும். என் மாமியார் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துத் தேய்த்தே அப்படி ஆகிவிட்டது என்பார் என் வீட்டுக்காரர். திருநின்றவூருக்கு நான் வாழவந்த நாளிலிருந்து காலையில் அதை ஏற்றுவது என் வேலை. வீட்டுக்குத் தூரமான மூன்று நாட்கள் மட்டும் மாமியார் ஏற்றுவார்.

கல்யாணமாகி மூன்றாம் வருஷம், ஒருமுறை நாற்பது நாளாகியும் நான் தூரமாகவில்லை. "இன்னாடி, இன்னிக்கும் நீதானா?" என்று தினமும் எட்டிப் பார்த்துச் சிரிப்பார் மாமியார். கடையில் வாங்கிய பரிசோதனை அட்டையில் ஒற்றைக் கோடுதான் விழுந்தது. காட்டினேன். "அந்த அட்டைக்கு இன்னா தெரியும்? மூணு பெத்தவ சொல்றேன், கம்முனு இரு" என்றார். தண்ணீர்க் குடத்தைத் தொட விடவில்லை. மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அம்மன் கோயில் மரத்தில் கட்ட மரத்தொட்டில்கூட வாங்கி வந்துவிட்டார். நானும் நம்பினேன். நம்பத்தானே மனசு கிடந்து தவித்தது.

அறுபத்திரண்டாம் நாள் ரயிலேறி ஆவடிக்குப் போய் ஸ்கேன் எடுத்தோம். டாக்டரம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "கர்ப்பம் இல்லம்மா. சினைப்பையில நீர்க்கட்டி. அதனாலதான் நாள் தள்ளிப் போகுது." மாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "கட்டின்னா அறுத்து எடுத்துடும்மா." "ஆபரேஷன் எல்லாம் வேணாம். மாத்திரை போடட்டும், தினம் நடக்கட்டும். மொதல்ல மாசாமாசம் ஒழுங்கா வரணும். அப்புறம் குழந்தையப் பத்திப் பேசலாம்."

ரயிலில் மாமியார் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. தெருமுனையில் பக்கத்து வீட்டு அக்கா, "இன்னாம்மா, எத்தினி மாசமாம்?" என்று கேட்டார். "மிஷினு ரிப்பேராம், அப்பால வரச் சொல்லிக்கீறாங்கோ" என்று சொல்லிவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார் மாமியார். பொய்யே பேசாத மனுஷி. வீட்டுக்குள் வந்ததும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு விளக்கின் முன் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழவில்லை. அதற்குப் பிறகும் "இன்னிக்கும் நீதானா?" என்று காலையில் கேட்பார். சிரிப்பு மட்டும் இருக்காது.

போன பங்குனியில் நெஞ்சுவலி என்று படுத்தவர், அப்படியே போய்ச் சேர்ந்தார். தொட்டில் பரண்மேல் கிடக்கிறது. இப்போது அந்த மூன்று நாட்களுக்கு என் வீட்டுக்காரர்தான் விளக்கேற்ற வேண்டும். இதுவரை இரண்டே இரண்டு முறைதான் அவர் கையில் தீப்பெட்டி போயிருக்கிறது. மாத்திரையை நான் ஒருநாளும் விட்டதில்லை. ஏரிக்கரையில் நடக்காத நாளும் இல்லை.

இன்று ஐம்பத்தேழாம் நாள். நான்தான் ஏற்றினேன். எட்டிப் பார்த்துக் கேட்க ஆளில்லை. விளக்கேற்றக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். அந்த நான் வளைந்த மூக்கில் எரியும் திரியைப் பார்த்துக் கைகூப்பி நிற்கிறேன்: தாயே, நாளைக்காவது என்னை இங்கே நிற்க விடாதே.