கட்டிங் மாஸ்டரின் ஞாயிற்றுக்கிழமைப் பூக்கள்

எண்பது துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மேல்துணியில் சாக்பீஸால் வரைந்த கோட்டின் வழியே மின்கத்தியைச் செலுத்துகிறவருக்கு இரண்டாவது வாய்ப்பு என்று ஒன்று கிடையாது. மேலே கால் இஞ்ச் விலகினால் எண்பது சட்டைகளின் கழுத்தும் கோணிப்போகும். பள்ளிச் சீருடை தைக்கும் அந்தப் பட்டறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக அப்படியொரு விலகல் நேர்ந்ததில்லை. வலக்கையால் கத்தியை நடத்தி, இரும்பு வலைக் கையுறை அணிந்த இடக்கையால் துணியடுக்கை அமர்த்திப் பிடித்தபடி, நீண்ட மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அவர் நடக்கும்போது, வாயாடிகளான தையற்காரர்களும் பேச்சைச் சற்று நிறுத்திக்கொள்வார்கள். அங்கே அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர் எவருமில்லை. முதலாளி முதல் வாயிற்காவலர் வரை எல்லோருக்கும் அவர் மாஸ்டர்.

அந்தக் கை வீட்டுக்கு வந்த பிறகும் ஓய்ந்ததில்லை. மனைவி மடித்து வைத்த போர்வையைப் பிரித்து மீண்டும் மடிப்பார். அவள் நறுக்கிய காயில் பெரிய துண்டுகளைத் தேடியெடுத்து இரண்டாக்குவார். கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை, முகம் சுளித்ததில்லை. திருத்தினார், அவ்வளவுதான். ஏழு ஆண்டுகள் பொறுத்தவள் ஒருநாள் பெட்டியை எடுத்து வைத்தாள். "நான் துணி இல்லைங்க, எப்பப் பாத்தாலும் ஓரம் வெட்டிக்கிட்டே இருக்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு வயதுப் பெண்ணை இடுப்பில் தூக்கிக்கொண்டு தன் அக்காவின் வீட்டுக்குப் போனாள். மூடிய பெட்டியின் விளிம்பில் ஒரு சட்டையின் கை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் உள்ளே தள்ளிவிட்டார். "போகாதே" என்று சொல்லியிருக்க வேண்டிய அந்தக் கணத்தில் தாம் செய்த ஒரே காரியம் அதுதான் என்பதை எண்ணிப் பிற்பாடு பல நாள் தம்மையே வெறுத்துக்கொண்டார்.

இப்போது பெண்ணுக்கு நான்கு வயது. பிறந்தபோது முகம் வட்டமாக, சின்னஞ்சிறிதாக இருந்ததால் அவர் பட்டன் என்று அழைத்தார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குத் தாய் கொண்டுவந்து விடுவாள், மாலை ஐந்துக்கு வந்து அழைத்துப் போவாள். வாரத்தின் நூற்று அறுபத்தெட்டு மணி நேரத்தில் மாஸ்டர் வாழ்ந்தது அந்த ஏழு மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் அதற்குக் காவல் இருந்தார். திங்களன்று மிச்சம் இருக்கும், அவள் மதியம் தூங்கிய தலையணையின் பள்ளம் புதனுக்குள் உப்பிப்போகும். வியாழக்கிழமை அவள் குரல் சரியாக நினைவுக்கு வராது. வெள்ளியன்று, யாரோ ஒரு குழந்தை தெருவில் "அப்பா" என்று கூப்பிட்டால் இவர் திரும்பிப் பார்ப்பார்.

அந்த ஏழு மணி நேரத்துக்கும் கேடு வந்தது. மருந்துக்கடையில் வேலை செய்யும் தாய், ஒரு ஞாயிறு மாலை, குழந்தையைப் படியில் முன்னே இறங்கவிட்டுத் தான் மட்டும் வாசலில் நின்றாள்.

"சனிக்கிழமை ஆனா அழறா. நான் ஒண்ணும் சொல்லிக் கொடுக்கல."

"தெரியும். நீ அப்படிச் செய்யமாட்ட."

"இன்னும் ரெண்டு ஞாயிறு பாக்கலாம். அப்பவும் அழுதான்னா, மாசத்துக்கு ஒரு தடவைன்னு வச்சுக்கலாம். இழுத்துட்டு வந்து விட எனக்கு மனசு வரல."

அவர் தலையசைத்தார். அவள் பையிலிருந்து ஒரு சிறு புத்தகத்தை எடுத்து நீட்டினாள். மழலையர் பள்ளியில் கொடுத்தது. இளவேனிற் பருவத்தில் பெற்றோரும் பிள்ளையும் வீட்டில் சேர்ந்து செய்வதற்கான பாடங்கள். விதை ஊற வைப்பதும் இலை பார்ப்பதும் தன்னால் ஆகும் என்றும், காகிதம் வெட்டுகிற பக்கத்தை மட்டும் அவர் பார்த்துக்கொள்ளட்டும் என்றும் சொல்லிப் போனாள்.

அன்று மாலை முழுவதும் மாஸ்டர் அந்தப் புத்தகத்தைப் படித்தார். ஈரப் பஞ்சில் விதையை வைத்து அது கண் விழிப்பதை நாள்தோறும் பார்த்தல். இலைமேல் தாளை விரித்து மெழுகு வண்ணக்கோலால் தேய்த்து நரம்புகளை எழுப்புதல். தாளை மடித்து வண்ணம் அழுத்தி வண்ணத்துப்பூச்சி செய்தல். நான்காம் பக்கத்தில் பூக்கள்: ஓர் இதழ் முதல் பத்து இதழ் வரை பத்துப் பூக்களை வெட்டி ஒட்டி, எண்ணப் பழக வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு கட்டம் இருந்தது. 'பிள்ளை சொன்னது' என்று அதற்குத் தலைப்பு. பிள்ளையின் சொற்களை மாற்றாமல் எழுத வேண்டுமாம்.

வெட்டுவது. ஆண்டவன் தமக்கென்றே ஒரு பக்கத்தை எழுதிக் கொடுத்திருக்கிறான் என்று நினைத்தார். சன்னலுக்கு வெளியே, குளிர்காலம் முழுவதும் எலும்பாய் நின்ற மரம் கணுவுக்குக் கணு அரும்பு கட்டியிருந்தது.

அந்த வாரம் உணவு இடைவேளைகளில் வண்ணத்தாள்களை அடுக்கி, இதழுக்கு அட்டையில் அச்சு வெட்டி, சாக்பீஸால் வரைந்து, கத்தரியால் நறுக்கினார். ஐம்பத்தைந்து இதழ்களும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல் வந்தன. நிறவாரியாகப் பிரித்து, கட்டுக்கட்டாக நூலால் கட்டி, எண் எழுதிய சீட்டும் செருகினார். எதிர் வரிசையில் துணியோரம் அடிக்கும் ஓவர்லாக் அக்கா, மூன்று பிள்ளை பெற்று வளர்த்தவள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன மாஸ்டர், பாப்பாவுக்கு வீட்டுப்பாடமா, இல்ல எக்ஸ்போர்ட் ஆர்டரா?"

அவர் சிரித்தார். மனம் அவ்வளவு நிறைந்திருந்தது.

ஞாயிறு வந்தது. மேசைமேல் கட்டுகளைப் பரப்பி வைத்தார். பட்டன் மூன்று இதழ்களை ஒட்டினாள். மூன்றாவது சற்றுச் சாய்ந்திருந்தது. பசை காயுமுன் அவர் விரல்நுனியால் அதை மெல்ல நகர்த்தினார். நான்காவதையும் நகர்த்தினார். ஐந்தாவதை அவள் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அதை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள். மாஸ்டர் கவனிக்கவில்லை. பத்துப் பூக்களும் மதியத்துக்குள் தயாராகிவிட்டன. ஒன்பதை அவர் செய்திருந்தார். பட்டன் சன்னலோரம் போய் நின்றிருந்தாள். அம்மா எப்போது வருவாள் என்று நான்கு முறை கேட்டாள்.

பொய் எழுதப் பழகாத மனிதர். கட்டத்தில் அவள் சொன்னதை அப்படியே எழுதினார்: 'அம்மா எப்ப வருவா?' பக்கத்தில் 'நான்கு முறை' என்றும் குறித்தார்.

மாலையில் வாசலில் நின்றபடி தாய் அதைப் படித்தாள்.

"இதைப் போய் எழுதணுமா? டீச்சர் படிப்பாங்களே."

"அவ சொன்னதைத்தான் எழுதச் சொல்லியிருக்கு."

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமும் இல்லை, ஏளனமும் இல்லை. வழி கேட்டு வந்தவரிடம், வழி தெரிந்தும் சொல்ல முடியாமல் நிற்பவரின் முகம் அது.

செவ்வாயன்று அவருடைய கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. நான்காம் பக்கம், அதன்கீழே ஆசிரியையின் சிவப்பு மை: 'பூக்கள் மிக அழகு. பிள்ளையே வெட்டிய பூ ஒன்று அனுப்பவும். கோணலாக இருந்தால் நல்லது.' படத்தை அனுப்பிய தாய் தன் சார்பில் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. மாஸ்டர் அந்தப் படத்தை ஓவர்லாக் அக்காவிடம் நீட்டினார்.

"இருவத்திரெண்டு வருஷத்துல உங்க சரக்கு திரும்பி வந்தது இதுதான் முதல் தடவை" என்றாள் அவள். அவர் சிரிக்காததைக் கண்டு, மெஷினை நிறுத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டாள். "பாப்பா உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போறா மாஸ்டர். என்னைக்காவது இருந்துட்டுப் போயிருக்காளா?"

அவர் தம் மேசைக்குத் திரும்பினார். அன்று கத்தி எண்பது துணிகளையும் வழக்கம்போல் கோடு பிசகாமல் அறுத்தது. அவருக்கு மட்டும் ஏதோ அறுபட்டது போலிருந்தது.

இரண்டாவது ஞாயிறு அவர் எதையும் ஆயத்தம் செய்யவில்லை. மேசைமேல் மஞ்சள் தாள்கள் நான்கு, முனை மழுங்கிய சின்னக் கத்தரி ஒன்று, பசை. பட்டன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். கைகளைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள், கத்தரியைத் தொடவில்லை.

"பூ வெட்டலாமா?"

"நீயே வெட்டுப்பா."

"நீ வெட்டு. நான் பாக்கறேன்."

"நான் வெட்டினா தப்பாயிடும்" என்றாள் குழந்தை. வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதைப் போலச் சொன்னாள்.

ஏழு ஆண்டுகள் ஒருத்தி மாஸ்டரின் பக்கத்தில் எப்படி வாழ்ந்தாள் என்பதை நான்கு வயதுக் குரல் ஒரே வரியில் சொல்லிவிட்டது. குழந்தைக்கு மறுமொழியாக எத்தனையோ சொற்களைத் தேடினார். தப்பில்லை என்று சொல்லலாம். அவள் நம்பமாட்டாள், அவருடைய விரல் இதழை நகர்த்தியதை அவள் பார்த்திருக்கிறாள். கடைசியில் சின்னக் கத்தரியை எடுத்தார், இடக்கையால்.

வாழ்நாளில் அந்தக் கை கத்தரி பிடித்ததில்லை. பிள்ளைகளின் கத்தரிக்குள் இரண்டு விரல்நுனிதான் நுழைந்தன. அழுத்தினால் அலகுகள் விலகின, தாள் நடுவில் சிக்கி மடிந்தது. திருப்பிப் பிடித்தார். தாள் கசங்கிக் கிழிந்தது. நடிப்பு ஒன்றுமில்லை, அந்தக் கைக்கு உண்மையிலேயே தெரியவில்லை. காதோரம் வியர்த்தது. பத்து நிமிட முயற்சிக்குப் பின், எலி கடித்த ரொட்டித்துண்டைப் போல ஒன்று மேசையில் விழுந்தது.

பட்டன் குனிந்து அதைப் பார்த்தாள்.

"என்னப்பா இது?"

"இதழ்."

"இதழா? இது செருப்பு."

அவள் சிரித்தாள். தோள் குலுங்க, தொடைக்கு அடியிலிருந்து கைகள் தாமே வெளியே வர, அந்த வீட்டில் இதுவரை கேட்டிராத சிரிப்பு. பிறகு மிகுந்த பொறுப்போடு அவர் கையிலிருந்து கத்தரியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"உனக்குத் தெரியல. நகரு. இப்படிப் பிடிக்கணும்."

வெட்டினாள். நாக்கை உதட்டோரம் நீட்டி, கத்தரியை அசைக்காமல் தாளையே சுற்றிச் சுற்றித் திருப்பி வெட்டினாள். ஓர் இதழ் உருண்டு வந்தது, அடுத்தது நீண்டு வந்தது, இன்னொன்றில் ஒரு கொம்பு முளைத்திருந்தது. மாஸ்டரின் வலக்கை மேசைக்கு அடியில் முழங்காலை இறுகப் பற்றிக்கொண்டிருந்தது. சன்னல் வழியே தெரிந்த மரத்தில் முகையவிழ்ந்த பூக்களை வெகுநேரம் பார்த்தார். படைத்தவன் ஓர் இதழைப் போல் இன்னோர் இதழைச் செய்ததில்லை. இத்தனை நாள் எந்தக் கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று கேட்டுக்கொண்டார்.

மதிய உணவுக்குப் பின்னும் அவளே மேசைக்குப் போனாள். நறுக்குத் துண்டுகள் தரையெங்கும் சிதறின. அம்மாவைப் பற்றி ஒருமுறை பேச்சு வந்தது, அம்மாவுக்கு ஒரு பூ தனியாக வெட்ட வேண்டும் என்று.

ஐந்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

"இன்னும் முடியல" என்றாள் பட்டன், தலை நிமிராமல்.

வாசலில் நின்றவள் தயங்கினாள். பிறகு, இரண்டு ஆண்டுகளில் முதல்முறையாக, உள்ளே வந்து கதவையொட்டிய நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். மாஸ்டர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"பெருக்கலையா?"

"அப்புறம் பெருக்கிக்கலாம்."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். தண்ணீரை மிக மெதுவாகக் குடித்தாள். அந்த நேரம் முழுவதும் அறையில் கத்தரியின் ஓசை மட்டும் கேட்டது. ஒரு வீட்டில் மூன்று பேர் இருந்தால் அந்த வீடு எப்படி ஒலிக்கும் என்பதை மாஸ்டர் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார். இது முடியாதிருக்கட்டும் என்று வேண்டினார், இறைவனிடமா, அந்தக் கத்தரியிடமா என்று அவருக்கே தெரியாது.

குவளை காலியானது. அவள் எழுந்து பட்டனின் செருப்பை எடுத்தாள். வெட்டிக்கொண்டிருந்த பூவில் நான்கு இதழ்கள் முடிந்து, ஐந்தாவது பாதி வெட்டியபடி தாளிலேயே நின்றது. குழந்தை அலகு விரிந்த கத்தரியை அந்த இடத்திலேயே விட்டாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து வெட்டறேன். நீ தொடக் கூடாது."

"தொடமாட்டேன்."

"நேராக்கக் கூடாது."

தாய் முகத்தைச் சட்டென்று வாசல்பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் சிரிக்கிறாள் என்பது முதுகிலேயே தெரிந்தது. படியில் இறங்குமுன், "பத்து மணிக்குக் கொண்டு வந்து விடறேன்" என்றாள். மாதம் ஒருமுறை என்ற பேச்சை அவள் எடுக்கவில்லை.

அந்த வாரம் மாஸ்டர் சமையலறையில் நின்றபடி சாப்பிட்டார். ஊரெல்லாம் சன்னலைத் திறந்துபோடும் பருவத்தில், தாள் பறந்துவிடக் கூடாதென்று தம் சன்னலை மூடி வைத்தார். மரம் உதிர்த்த பூக்கள் கண்ணாடியில் தட்டித் தட்டி விழுந்தன. வாசலோர நாற்காலி, அவள் எழுந்தபோது தள்ளிய கோணத்திலேயே, வழியை மறித்துக்கொண்டு கிடந்தது. போகும்போதும் வரும்போதும் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

சனிக்கிழமை வேலை முடிந்து வந்து மேசையருகே குனிந்தார். பாதி வெட்டிய இதழைப் பார்த்ததும் தொழில் தெரிந்த கண்ணுக்குப் புரிந்துவிட்டது. கோடு கீழ்நோக்கி விலகிக்கொண்டிருக்கிறது. இதே வழியில் போனால் அவள் நாளை இதழின் நுனியையே அறுத்துவிடுவாள். தாளை ஒரு நூலளவு திருப்பி வைத்தால் போதும், யாருக்கும் தெரியாது. மாஸ்டர் வலக்கையை இடக்கையால் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். மணி நான்கு. பத்து மணிக்கு இன்னும் பதினெட்டு மணி நேரம் இருந்தது.